மோரும் சுண்ணாம்பும்

கேள்வி: புதூர் கரிசலில் கறிவேப்பிலை வராது என்கிறார்களே, வைக்கலாமா?

பதில்: தாராளமாக வையுங்கள். பருத்தியும் மிளகாயும் விளையும் மண்ணைச் சத்தில்லாதது என்று சொல்ல எனக்கு வாய் வராது. கரிசலின் கோளாறு வேறு: ஐப்பசி மழையில் ஊறி உப்பித் தண்ணீரைத் தேக்கும், சித்திரையில் விரல் நுழைய வெடித்து வேரை அறுக்கும். ஆகவே செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து அரையடி மேடு கட்டி அதில் நடுங்கள். வெறும் குழி தோண்டினால் அது தொட்டியாகிவிடும்.

'மேடு கட்டியும் மஞ்சளடித்ததே' என்பார்கள். கொழுந்தைப் பாருங்கள். இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக ஓடுகிறதா? அது இரும்புச்சத்துப் பஞ்சம். மண்ணில் இரும்பு இருக்கிறது. கரிசலில் கிடக்கும் சுக்கான்கல்லின் சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. அதனால்தான் எவ்வளவு சாணம் போட்டும் தெளிவதில்லை. வேரில் புளித்த மோர் ஊற்றினால் போதாதா என்பீர்கள். எண்ணம் சரி, புளிப்பு பூட்டைத் திறக்கும். ஆனால் ஒரு செம்பு மோரை இத்தனை சுண்ணாம்பு ஒரே மடக்கில் குடித்துவிடும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து, சாயங்காலம் இலையிலேயே தெளியுங்கள். மண்ணைக் கேட்காமல் செடி நேரே எடுத்துக்கொள்ளும். தெளித்த கொழுந்து பச்சை பிடிக்கும். பறிக்கும்போது இலையை உருவாமல் நுனியோடு ஒடியுங்கள், பக்கக்கிளை கிளம்பும்.