வாயை மூடினால் மின்சாரம் சுத்தமாகிவிடும்

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு என்று கடலை ஒட்டிய ஊர்களில் 1144 ஹெக்டேர் நிலத்தில் மணல் அள்ள ஒன்றிய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் திட்டம் போட்டது. எங்கள் ஊர்ப் பேச்சில் அது மணவாளக்குறிச்சி மணல் ஆலை. 2024 அக்டோபர் 1 அன்று கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. கூட்டம் கூடுமுன்பே ஊரார் தங்கள் கருத்தைச் சொல்லிவிட்டதால் கூட்டம் தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு, 2025 செப்டம்பர் 8 அன்று, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் தோண்டும் திட்டங்களுக்கு இனிமேல் மக்கள் கருத்தே கேட்க வேண்டாமாம். பதில் பிடிக்கவில்லையா, கேள்வியை ரத்து செய்துவிடு. நல்லாயிருக்குடே நாயம்! பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சைக்கும் இந்தச் சலுகையைக் கொடுத்திருந்தால் நாங்களும் தேறியிருப்போம்.

எல்லாம் நாட்டுக்காகத்தான், தூய்மையான மின்சாரத்துக்காகத்தான் என்கிறார்கள். இந்த மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் தோரியம் இருக்கிறது, அது அணு உலைக்கு. நியோடிமியம் இருக்கிறது, அது காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் வேண்டிய காந்தத்துக்கு. தோரியக் கனவை அணு விஞ்ஞானி ஹோமி பாபா கண்டது 1950களில். தோரியத்தை நம்பி ஓடும் மின் நிலையம் நாட்டில் இன்றுவரை ஒன்றுகூட இல்லை. கனவுக்கு அவசரமில்லை, மணலுக்குத்தான் அவசரம்.

இந்த மணலின் பெருமையை நமக்குச் சொன்னவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர். 1909இல், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அவர் மோனசைட்டைக் கண்டார். அப்புறம் ஐரோப்பியத் தெருக்களின் காஸ் விளக்கு நம் தோரியத்தில் எரிந்தது. மணலுக்காக வந்த ஜெர்மானியர் இங்கே ஆலை வைத்தார். 2012இல் நாகர்கோவில் லாட்ஜில் தங்கியிருந்த இன்னொரு ஜெர்மானியரையோ, கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தைத் தூண்டிவிடுகிறார் என்று விமானம் ஏற்றி அனுப்பினார்கள். அள்ள வருகிறவன் முதலீட்டாளன், அருகில் உட்கார்ந்து பேசுகிறவன் அந்நியச் சதிகாரன்.

மிடாலத்துக் கடற்கரையில் போய் நின்று பாருங்கள். கடலரிப்பைத் தடுக்க அரசே லாரி லாரியாகப் பாறை கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. தூண்டில் வளைவு கேட்டு மீனவர்கள் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பாறைச் சுவருக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே இருப்பது ஒரு சாலை அகலம். ஒரு துறை கல்லைக் கொட்டுகிறது, இன்னொரு துறை மணலை வாரக் கிளம்புகிறது. கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டால், மணலில் அது இயற்கையாகவே இருக்கிறது, அள்ளி எடுத்தால் குறைந்துவிடும் என்று விளக்கம் வருகிறது. ஆக, அள்ளுவது நமக்குச் செய்யும் வைத்தியம்.

அணு உலைக் கதை இதற்கு மூத்தது. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் உலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது, கூடங்குளத்துக்குத் தண்ணீர் பேச்சிப்பாறை அணையிலிருந்து போகும் என்பது ஏற்பாடு. நாஞ்சில் நாட்டு வயலுக்குக் கட்டிய அணை! 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் திரண்ட மீனவர் பேரணிக்குத் துப்பாக்கிச் சூடுதான் பதில். 2011இல் உலையை எதிர்த்து இடிந்தகரை மீனவ ஊர் எழுந்தபோது, மக்களின் பயத்தை மதிக்கிறோம் என்று மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தல் முடிந்தது. மார்ச் 19 அன்று அதே அமைச்சரவைக்குப் பயம் தெளிந்துவிட்டது, உலையைத் திறக்கலாம் என்றது. இடிந்தகரைக்காரர்களுக்குத் தெளியவில்லை என்பதால் நிம்ஹான்ஸிலிருந்து மனநல மருத்துவர்களை வரவழைத்தார்கள். மருந்துக்கு மசியாதவர்கள் ஆயிரக்கணக்கில் தேசத் துரோகிகள் ஆனார்கள். "இன்னும் 15 நாளில் மின்சாரம்" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றிய இணையமைச்சர் நாராயணசாமிக்கு மட்டும் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. அதே 2012இல், அணுக்கழிவு கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போகும் என்று பேச்சு எழுந்ததும் கோலார் கொதித்தது. உடனே, அப்படியொரு திட்டமே இல்லை என்றது டெல்லி. கோலார்க்காரன் பயந்தால் அது பொதுக்கருத்து. நாம் பயந்தால் மனநோய்.

சரி, சண்டையில்லாத மின்சாரம் இல்லையா? இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை இலவசமாக வீசுகிறது. அங்குள்ள முப்பந்தல் இசக்கியம்மனுக்குக் காணிக்கை போட வண்டியை நிறுத்துகிறவர்கள் ஒரு நிமிடம் தலையைத் தூக்கிப் பார்க்கலாம். 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் சின்னக் காற்றாலைகள் துருவேறி நிற்கின்றன. இப்போதைய காற்றாலை ஒன்று இரண்டு மெகாவாட்டுக்கு மேல் தரும். பழையதில் எட்டுக்குச் சமம். நாட்டிலேயே நல்ல காற்று இருக்கும் இடத்தில் நாட்டிலேயே பழைய இயந்திரம்! புதுப்பிக்க மாநில அரசு 2024இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. அதிலிருந்த கட்டணத்தைப் பார்த்ததும் உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். காற்று உச்சத்தில் அடிக்கும்போதோ, மின்கட்டமைப்பு தாங்காது, நிறுத்து என்று உத்தரவு வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், முப்பந்தலில் காற்றாலை மட்டும் நிற்கும். மின்கம்பி இழுப்பதற்கும் துணைமின் நிலையத்தைப் பெரிதாக்குவதற்கும் ரிப்பன் வெட்டு விழா கிடையாது, அதுதான் சிக்கல். காற்றாலைகளில் பலவும் கோவை, திருப்பூர் ஆலை முதலாளிகளுடையவை. காற்றுக்கும் இங்கே வாடகை வீடுதான்.

கடலில் காற்றாலை நடத் தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் சேர்த்து 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே ஆண்டில் கன்னியாகுமரி ஆழ்கடலை எண்ணெய் எடுக்கவும் ஏலம் விட்டார்கள். கடல் ஒன்று, கொள்கை இரண்டு, கருத்துக்கேட்பு பூஜ்யம்.

செப்டம்பர் 8 குறிப்பாணையைத் திரும்பப் பெறுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தை மிடாலத்திலேயே வையுங்கள், மீனவர் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையில். திட்டத்தின் முழு அறிக்கையையும் தமிழில் கொண்டுவாருங்கள். கையெழுத்துப் போடுகிற அதிகாரி வந்து முன்வரிசையில் உட்காரட்டும்.