ஓசூரில் ஸ்பாக்கை முதலில் கண்டவர் யார்? – ஒரு மொட்டைமாடி ஆராய்ச்சி

ஓசூரில் தீராத வழக்குகள் சில உண்டு. தளியில் குளிர் அதிகமா, தேன்கனிக்கோட்டையில் அதிகமா என்பது ஒன்று. தேர்ப்பேட்டைக்காரர்களும் சிப்காட் பக்கம் குடியேறியவர்களும் இன்றுவரை விட்டுக்கொடுக்காத இன்னொன்று, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை இந்த ஊரில் முதலில் கண்டுபிடித்தது யார் என்பது. ஐம்பதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் “எங்க வீட்லதான்” என்று ஆரம்பிப்பார். அந்தத் தெருவில் முதலில் டி.வி. வாங்கியதும் அவர் அப்பாதான். இப்படி ஒரே தெருவில் முதல் டி.வி. ஏழெட்டு இருக்கின்றன. ஆகவே இவ்வழக்கைத் தக்க சான்றுகளோடு ஆராய்ந்து முடிவு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொருளின் வரலாறு. ‘ஸ்டார் ட்ரெக்’ அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கியது. ஜீன் ராடன்பெரி உருவாக்கியது. மூன்று பருவங்கள், 79 கதைகள்; 1969-ல் நிறுத்திவிட்டார்கள். கேப்டன் கிர்க், கூர்க்காது ஸ்பாக், டாக்டர் மெக்காய் ஆகியோர் ‘என்டர்ப்ரைஸ்’ என்னும் விண்கலத்தில் 23-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போவார்கள். போன இடமெல்லாம் வம்பு. இது நம்மூர் தூரதர்ஷனில் 1980-களின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்தது. அதாவது எதிர்காலமே நமக்கு ஏறக்குறைய இருபது வருடம் லேட். மொழிமாற்றம் கிடையாது, முழுக்க ஆங்கிலம். அந்த ஆங்கிலம் புரிந்தவர்களைத் தனியாக ஆராய அவசியமில்லை, அவர்கள் மிகச் சிலர்.

இனி இடம். இங்கேதான் பொருள் கனக்கிறது.

ஓசூர் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பது வருவாய்த் துறையின் கருத்து. மின்காந்த அலைகளின் கருத்து வேறு. அந்நாளைய தொலைக்காட்சி அலை நேர்க்கோட்டில் போவது; பூமி வளைந்தால் அதுவும் கூடவே வளைந்து வராது. எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்க வேண்டும். வீட்டுக் கம்பத்துக்கும் அப்படியே செய்து, இரண்டையும் கூட்டினால் கிலோமீட்டர் வந்துவிடும். 100 மீட்டர் கோபுரம், தரையிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா என்று வைத்துக்கொண்டால் சுமார் 54 கி.மீ. பெங்களூர் தூரதர்ஷன் 1981-ல் தொடங்கியது. அதன் ஜெ.சி. நகர் கோபுரத்திலிருந்து ஓசூர் 40 கி.மீ.க்குள் அடக்கம்; இரண்டும் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் ஒரே பீடபூமியில் உட்கார்ந்திருக்கின்றன. சென்னையில் 1975-லேயே தூரதர்ஷன் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் சென்னை நேர்க்கோட்டில் 250 கி.மீ.க்கும் அப்பால். கோபுரத்தை இருமடங்கு உயர்த்தினாலும் கணக்கு 71-ஐத் தாண்டாது. மாநில எல்லையிலுள்ள ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் லாரியை நிறுத்தி ரசீது கேட்க முடிந்தது. அத்திப்பள்ளி தாண்டி வந்த அலையிடம் யார் என்ன கேட்பது?

விளைவு: ஊரிலுள்ள ஆண்டெனாக்கள் எல்லாம் வடமேற்கைப் பார்த்து நின்றன. வாஸ்து அறிந்தோர் இதனை வாயு மூலை என்பர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தமிழ்நாடே ‘ஒளியும் ஒலியும்’ பார்த்துக்கொண்டிருக்க, ஓசூர்த் தமிழன் கன்னடத்துச் ‘சித்ரமஞ்சரி’யில் ராஜ்குமார் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்ததும், ஞாயிறு காலையில் ஸ்பாக்கைத் தெளிவாகக் கண்டதும் இந்த வாயு மூலையின் அருளே. அமெரிக்காவில் எடுத்து, டெல்லியிலிருந்து அனுப்பி, கர்நாடகத்தில் ஏற்றி, தமிழ்நாட்டில் தெலுங்கு பேசும் வீட்டில் இறங்கிய தொடர் வேறு எந்த ஊரில் உண்டு?

“அப்படியானால் கிருஷ்ணகிரியில்?” என்று வினவுவாருக்கு விடை சுருக்கமானது. சூளகிரி தாண்டி மலை இறங்கினால் கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரத்தில், பெங்களூர்க் கோபுரத்திலிருந்து 80 கி.மீ.க்கும் அப்பால் பள்ளத்தில் கிடக்கிறது. பெங்களூர் அலை அதன் தலைக்கு மேலேயே போய்விடும். கம்பத்தை உயர்த்தி, பூஸ்டர் போட்டுப் பார்த்தவர்களுக்கு மணல்மழைக்கு நடுவே யாரோ நடமாடுவது தெரிந்திருக்கலாம். அது ஸ்பாக்கா, செய்தி வாசிப்பவரா என்று சத்தியம் செய்ய முடியாது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்று ரயில்கூட இல்லை. விண்கலம் தாமதமாக வந்ததில் வியப்பில்லை.

ஆக, வழக்கு ஓசூருக்குள் சுருங்குகிறது. இனிக் கருவிகளைக் காண்போம். ஆண்டெனா என்று நாம் சொன்னது யாகி–உடா ஆண்டெனா. ஜப்பானில் 1926-ல் உடாவும் யாகியும் வகுத்தது. பின்னால் நீளக் குழாய் ஒன்று, முன்னால் சின்னச் சின்னக் குழாய்கள். சின்னவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து அலையைத்தான் அது சரியாக வாங்கும். ஜி.ஐ. பைப்பில் கட்டி மொட்டைமாடிச் சுவரோடு நிறுத்தி, அதிலிருந்து பட்டை ஒயரை இறக்கிக் கூடத்துச் சாலிடேர் அல்லது டயனோராவில் செருகியிருப்பார்கள். பக்கத்தில் ஸ்டெபிலைசர், மேலே பூப்போட்ட துணி. காற்று அடித்தாலோ, காக்கை இரண்டு சேர்ந்து உட்கார்ந்தாலோ பைப் திரும்பிவிடும். அப்புறம் ஒருவர் மாடிக்கு ஏறியாக வேண்டும். ஞாயிறு காலைகளில் ஓசூர் கூரைகளின் மேல் கேட்ட உரையாடல் பின்வருமாறு:

“வந்துச்சா?”

“இல்ல!”

“இப்ப?”

“ஒரு காது தெரியுது!”

“இப்ப?”

“மூணு காது!”

“நிறுத்து, நிறுத்து… போச்சு! முன்ன இருந்த மாதிரியே வை!”

முன்னே எப்படி இருந்தது என்பது மாடியில் நின்றவருக்கும் தெரியாது, கூடத்தில் இருந்தவருக்கும் தெரியாது. சில வீடுகளில் நடுவே படிக்கட்டில் ஒரு தங்கச்சியை நிறுத்துவார்கள். கூடத்தில் சொன்னதை அவள் மேலே கத்த வேண்டும். அவள் கத்தி முடிப்பதற்குள் கம்பம் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். கன்னடக்காரர் வீட்டு மாடியில் “பந்தா?” என்றும் தெலுங்குக்காரர் மாடியில் “வச்சிந்தா?” என்றும் இதே கேள்வி அதே நேரத்தில் எழும். பக்கத்து மாடிக்குச் சொன்ன பதிலைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, நன்றாக இருந்த கம்பத்தைத் திருப்பிக் கெடுத்தவர்களும் உண்டு.

மேற்கண்ட உரையாடலில் காது ஏன் அளவுகோலாயிற்று? இதை விளக்காமல் மேலே செல்வதற்கில்லை. தூரதர்ஷன் 1982-லேயே வண்ணத்துக்கு மாறிவிட்டாலும் வீட்டிலிருந்த பெட்டிகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. ஸ்பாக்கின் நீலச் சட்டையும் கிர்க்கின் மஞ்சள் சட்டையும் ஒரே சாம்பல். ஆகவே காதின் கூர்நுனி தெரிந்தால் படம் தெளிவு, தெரியாவிட்டால் கம்பத்தைத் திருப்பு. மூன்றாம் காது வந்ததற்கும் காரணம் உண்டு. கோபுரத்திலிருந்து நேரே வரும் அலை ஒன்று. அதே அலை பின்னாலுள்ள பாறை மலையில் மோதித் திரும்பி வருவது இன்னொன்று. திரும்பி வருவது 300 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்தால் ஒரு மைக்ரோ விநாடி பிந்தும். 20 அங்குலத் திரையில் அது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளிய நிழலாக விழும். 8 மில்லிமீட்டர் என்றால் ஒரு காதுக்குப் போதும். சந்திரசூடேஸ்வரர் மலையடிவாரத்தில் குடியிருந்தவர்களுக்குச் சாமியைப் போலவே ஸ்பாக்கும் கூடுதல் அங்கங்களோடு காட்சி தந்ததில் பிழையில்லை.

வண்ணமில்லாததால் நஷ்டமே என்பாரும் உளர். அற்றன்று. இத்தொடரின் தீவிர ரசிகர்களிடையே ஒரு கேலி உண்டு: புதுக் கிரகத்தில் இறங்கும் கூட்டத்தில் பெயரில்லாத ஒருவன் சிவப்புச் சட்டை போட்டிருந்தால், விளம்பர இடைவேளைக்குள் அவன் செத்துப்போவான். அமெரிக்காக்காரன் சட்டையைப் பார்த்ததுமே முடிவைத் தெரிந்துகொண்டு பாப்கார்ன் எடுக்கப் போய்விடுவான். ஓசூரிலோ எல்லாச் சட்டையும் சாம்பல். யார் போவான், யார் பிழைப்பான் என்று கடைசிவரை தெரியாது. இத்தொடரின் திகிலை முழுசாக அனுபவித்தவர்கள் வண்ண டி.வி. வாங்க வசதியில்லாதவர்களே.

அடுத்து, இவ்வாராய்ச்சியின் மையச் சிக்கல். என்டர்ப்ரைஸ் கப்பலிலிருந்து தரைக்கு இறங்க, கிர்க்கும் கூட்டமும் ஒரு மேடையில் நிற்பார்கள். உடம்பு மின்மினிப் பொட்டுகளாகி மறைந்து, கிரகத்தில் மறுபடி திரளும். வாரா வாரம் ஒரு பெரிய கப்பல் தரையிறங்குவதைப் படமெடுக்கப் பணம் போதாது என்பதற்காக ராடன்பெரி குழுவினர் கண்டுபிடித்த சிக்கனம் இது. ஹாலிவுட்டில் மிச்சம் பிடித்த காசுக்கு ஓசூரில் யார் அழுதது என்று பாருங்கள்: கூடத்தில் இருப்பவர் கண்ணுக்குத் திரையில் மனிதர்கள் புள்ளி புள்ளியாகிக் கரைகிறார்கள். சிக்னல் போகும்போதும் அப்படியேதான் கரைவார்கள். உடனே ஒரு குரல்: “போச்சு, போச்சு! திருப்பு!” மாடியில் இருப்பவர் பதறித் திருப்புவார். கிர்க் பத்திரமாகக் கிரகத்தில் இறங்கியிருப்பார். படம் உண்மையாகவே போயிருக்கும். இதற்குத் தெருவில் போகிற ஸ்கூட்டரும் துணை. அதன் ஸ்பார்க் பிளக்கிலிருந்து கிளம்பும் அலை திரையில் கோடு கோடாக விழும். 1980-களில் இந்த ஊர் மொபெட்டும் லாரியும் கைக்கடிகாரமும் செய்யத் தொடங்கிவிட்டது, வண்டிகளுக்குக் குறைவில்லை. ஷிப்ட் முடிந்து கூட்டமாக வண்டிகள் திரும்பும் நேரத்தில், கதையின் எதிரிகளான கிளிங்கான்களின் தாக்குதல் எது, பாகலூர் ரோட்டின் தாக்குதல் எது என்று பிரித்தறிவது நிபுணர்களுக்கே கடினம்.

ஒரு மறுப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். அறிவியல் புனைவைக் கண்டுபிடிக்க டி.வி. எதற்கு, சுஜாதா இல்லையா என்பர். ‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோ என்னும் பேசும் இயந்திர நாய் பஸ்ஸில் வரும் ஆனந்த விகடன் வழியாக ஓசூருக்கும் வந்துசேர்ந்தது மெய்யே, அதற்குக் கம்பமும் வேண்டாம், காக்கையும் விரட்ட வேண்டாம். அதே கதை சென்னைத் தூரதர்ஷனில் தொடராக வந்தபோதுதான் வாயு மூலையைப் பார்த்து நின்ற ஆண்டெனாவுக்கு அது எட்டுவதற்கில்லாமல் போனது. வேடிக்கை என்னவென்றால், சுஜாதா அப்போது பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துவந்தார். தூரதர்ஷனுக்கு ஒளிபரப்பிகள் செய்துகொடுத்த நிறுவனமும் அதுவே. வரைபடத்தில் ஓசூரிலிருந்து ஜெ.சி. நகருக்கு ஒரு கோடு போட்டு, அதை அப்படியே நீட்டிப் பாருங்கள், ஏறக்குறைய ஜாலஹள்ளியில் போய் நிற்கும். ஸ்பாக்குக்காகக் கம்பத்தைத் திருப்பியவர்கள் தம்மை அறியாமல் ஜீனோவின் ஆசிரியரையும் குறிபார்த்திருக்கிறார்கள்.

இனி முடிவு. கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கண்டுபிடித்தவர்கள் ஆகார். அவர்கள் பலனை அனுபவித்தவர்கள். டி.வி. வாங்கிய அப்பாவும் ஆகார். அவர் பாதிக் கதையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படிக்கட்டுத் தங்கச்சி இருபுறமும் திட்டு வாங்கியதோடு சரி. ஓசூரில் ஸ்டார் ட்ரெக்கைக் கண்டுபிடித்தவர், அதைக் கடைசிவரை பார்க்காமல் மொட்டைமாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவரே. கையை எடுத்தால் படம் போய்விடும் என்பதால் கதை முடியும்வரை அவர் இறங்கியதில்லை.

இதற்கு வாய்மொழிச் சான்று ஒன்று உண்டு. ராயக்கோட்டை ரோட்டில் இருக்கும் மாமா ஒருவர், சிப்காட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அந்த வருடங்கள் முழுவதும் தம் வீட்டு மாடிப் பொறுப்பில் இருந்தவர். ஜன்னல் வழியே மேலே வந்த சத்தத்தை மட்டும் வைத்துக் கதையைப் புரிந்துகொண்டவர். சமீபத்தில் பேரன் தன் செல்போனில் அதே பழைய கதை ஒன்றை வண்ணத்தில் போட்டுக் காட்டினான். ஐபோனின் வெளிக்கூடு செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை பக்கத்திலேயே இருக்கிற ஊரில் மாடிக்கு ஏற வேண்டிய வேலை யாருக்கும் இல்லை. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிறுத்தச் சொன்னார்.

“இந்தக் காதுக்காரன் யாரு?”

“அவர்தான் ஸ்பாக், தாத்தா. கேப்டனுக்கு அடுத்தவர்.”

“அப்ப அந்தக் கத்துறவன்?”

“அவர்தான் கேப்டன்.”

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் ஆலையில் இருந்தவர் அவர். சத்தம் போடுகிறவன் சூப்பர்வைசர், சத்தமில்லாமல் பேசுகிறவன்தான் மானேஜர். மாடியில் நின்று கேட்டபோதே தனக்குத் தெரியும், படம் எடுத்தவர்கள்தான் ஆளை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.