சான்றிதழ் வந்து சேர்ந்தது

பெறுநர்: திறன் மேம்பாடு, தொழில்முனைவோர் அமைச்சகம், புதுடெல்லி.
பொருள்: சான்றிதழ் கிடைத்த பின்னும் வேலை கோருவது தொடர்பாக.

ஐயா,

காரைக்கால் சுரக்குடியிலிருந்து எழுதுகிறேன். பக்கத்திலே திருநள்ளாறு. அங்கே சனீஸ்வரன் இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை பெயர்ந்தால் பூக்காரருக்கும் நல்லெண்ணெய் விற்கிறவருக்கும் நாலு காசு புரளும். உங்கள் கௌஷல் விகாஸ் திறன்பயிற்சித் திட்டமும் 2015-இல் பிறந்து, 2016-இல் இரண்டாகி, 2021-இல் மூன்றாகி, இப்போது நான்காகப் பெயர்ந்திருக்கிறது. இந்தப் பெயர்ச்சியில் எங்களுக்கு என்ன பலன் என்றுதான் தெரியவில்லை.

எங்கள் கொத்தனார் இருபது வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவர். 'முன்கற்றல் அங்கீகாரம்' என்று அவரை உட்காரவைத்து, தூக்குக்குண்டு எதற்கு என்று விளக்கிச் சான்றிதழ் கொடுத்தார்கள். மறுநாள் மேஸ்திரி கொடுத்தது பழைய கூலி. காகிதத்தைக் காட்டியதற்கு, "சாப்பாடு கட்டவா?" என்று கேட்டாராம்.

சிங்கப்பூருக்கு ஆள் எடுக்கிறவர்கள் இன்னும் மோசம். 45 டிகிரி சாய்த்து இறுக்கிய குழாயைக் காட்டி, சுற்றி வெல்டு அடிக்கச் சொல்கிறார்கள். 6ஜி என்று பெயர். குழாய் அசையாது, கைதான் அடியிலிருந்து மேலே ஏறி வளைந்து வரவேண்டும். பிறகு எக்ஸ்ரே. உள்ளே பொத்தல் தெரிந்தால் பையன் ஊரிலேயே இருக்க வேண்டியதுதான். கட்டுக்கட்டாக ராடு எரித்தால்தான் அந்தக் கை வரும். ராடு வாங்காத பயிற்சி மையத்தில் ஸ்லைடு ஓட்டினால் வருமா? வந்தவர்களைப் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

போட்டோவுக்கு இருந்த அக்கறை கணக்குக்கு இல்லை. இந்தத் திட்டத்தைப் பற்றி 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையைப் படித்தோம். பயனாளிகள் 95,90,801 பேரில் 90,66,264 பேரின் வங்கிக் கணக்கு விவரம் வெற்றிடம், அல்லது பூஜ்யம். வேறு சிலருக்குக் கணக்கு எண் 11111111111. மறக்கவே முடியாத எண். எங்களுக்கும் ஒன்று ஒதுக்கித் தரவும்.

கோரிக்கை சிறியது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்கிறது பழகுநர் சட்டம். சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. எங்கள் கடலோரத்தில் துறைமுகம் இருக்கிறது, ஆலைகள் இருக்கின்றன. உங்கள் அதிகாரி ஒருநாள் ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டில் நின்று பழகுநர் எத்தனை பேர் என்று எண்ணட்டும். ஐந்தாம் பதிப்பு வேண்டாம். பையன்களை ஒரு வருஷம் உள்ளே விடச் சொல்லுங்கள், போதும்.

இப்படிக்கு,
சுரக்குடிவாசி

இணைப்பு: சான்றிதழ் நகல்கள். அசல் தேவைப்பட்டாலும் அனுப்பலாம். இங்கே யாரும் கேட்கவில்லை.