ஆவடித் தீர்மானமும் ஐம்பது கால்களும்

ஐரோப்பாவில் கால்பந்து சீசன் ஆகஸ்டில் தொடங்கி மே வரை ஓடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பள்ளிகளில் குறுவட்டப் போட்டியன்று காலையில் தொடங்கும். தோற்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும். ஜெயித்தால் மாவட்டம், மாநிலம் என்று ஏறி, 1960 முதல் டெல்லியில் நடக்கும் சுப்ரதோ கோப்பை வரை போகலாம். போகலாம்தான்.

பயிற்சி பி.டி. பீரியடில் என்கிறது டைம்டேபிள். அப்போது கணக்கு வாத்தியார் போர்ஷன் முடித்துக்கொண்டிருப்பார். மிச்ச மாலைகளை அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை எடுத்துக்கொள்ளும். கோல்கீப்பருக்கு நீச்சல் தெரிந்திருந்தால் நல்லது.

1955 ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். நாட்டில் எப்படியோ, பள்ளி மைதானத்தில் அது நிறைவேறிவிட்டது: இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரே பந்து. பூட்ஸும் பொதுவுடைமை. மாற்று ஆட்டக்காரன் இறங்க வேண்டுமானால், வெளியே வருகிறவன் முதலில் லேஸ் அவிழ்க்க வேண்டும்.

சென்டர் ஃபார்வர்டு பத்தாம் வகுப்பு. மார்க் வந்ததும் அப்பா அவனை டியூஷனுக்கு டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டார். கிளப் கால்பந்தில் வாங்குகிறவர் பணம் தருவார். இங்கே அனுப்புகிறவரே மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறார்.