களைப்பைக் கட்டிக்காப்பது எப்படி?

இந்த வழிகாட்டி மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் களைத்திருப்பவர்களுக்கு மட்டும். ராத்திரி கண்விழித்ததால் வந்த அசதி என்றால் ஒரு தூக்கம் போட்டு எழுந்து பிழைத்துப் போங்கள், உங்களோடு எங்களுக்குப் பேச்சில்லை. காலையில் எழும்போதே அடித்துப் போட்டதுபோல் கிடப்பவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

முதல் விதி, ரத்தம் பார்க்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு குத்து குத்தி, காசே வாங்காமல் ஹீமோகுளோபின் அளவைச் சொல்லிவிடுவார்கள். பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே, ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்று நமக்கும் வந்திருக்கிறது என்றால் நம் களைப்புக்கு என்ன மரியாதை? தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடு என்று ரத்தத்தில் வேறு ஏதாவது தெரிந்துவிட்டாலும் ஆபத்து. மாத்திரை தருவார்கள், சரியாகிவிடும்.

அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறுங்கள். ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரிப் படகு, பீமன் அருவி எல்லாம் முடித்துவிட்டுக் கடைத்தெருவில் தேன், புளி, கூடவே சாமை பத்து கிலோ வாங்குங்கள். சாமை வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். தீட்டத் தீட்டத் தவிடு போகும், தவிட்டோடு சத்தும் போகும், ஆனால் பாட்டிலில் போட்டு வைக்க அழகாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய ஊட்டச்சத்து அட்டவணையைத் தேடி எடுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய பட்டியலில் 100 கிராம் சாமையில் இரும்பு 9.3 மில்லிகிராம். அதே நிறுவனம் 2017-இல் போட்ட புதுப் பட்டியலில் ஏறக்குறைய 1.3. நடுவில் சாமைக்கு ரத்தசோகை வரவில்லை. களத்து மண்ணும் அரவை இயந்திரத்தின் துகளும் ஒட்டிக்கொண்டால் எண் வீங்கும், தீட்டினால் இளைக்கும். புதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு 9.3-ஐக் குடும்பக் குழுவில் அனுப்புங்கள்.

கடைத்தெருவில் சாமை விற்கிற அம்மாவிடம், "நீங்க வீட்டுல என்ன சாப்பிடுவீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். "ரேசன் அரிசிதான் சார்" என்றார். சாமையின் அருமை தெரியாமல் விட்டுவிட்டார்களே என்று நான் வருந்தியது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "உரல்ல போட்டுக் குத்திப் பாத்திருக்கீங்களா சார்? எங்கம்மா கோழி கூவ எழுந்து குத்துவாங்க. கை காச்சுப் போயிடும். குத்தி, புடைச்சு, திரும்பக் குத்தி... அப்புறந்தான் உலை." நம் அசதியைப் போக்கவென்று நாம் கிலோ கணக்கில் வாங்கும் தானியம் அந்த மலையில் எத்தனை பெண்களை அசத்திப் போட்டிருக்கிறது என்று எந்தப் பட்டியலிலும் பத்தி கிடையாது. மில் வந்தபின் உரல் வேலை குறைந்தது. அதற்குள் அரிசி அடுப்பேறிவிட்டது.

ரேஷன் அரிசி என்றதும் நினைவு வருகிறது. அதில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த மணிகளைக் கலந்து தந்திருக்கிறார்கள். பார்வைக்குச் சற்று வேறாக இருக்கும், ஊறவைத்தால் மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று வந்த காணொளியை நம்பி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறியுங்கள். களைப்பை வளர்க்க இதைவிட நுட்பமான கைவேலை இல்லை.

சாப்பிட்ட கையோடு டீ. இது தவறவே கூடாது. தேயிலையில் உள்ள துவர்ப்பு, கீரையும் பருப்பும் தரும் இரும்பைக் குடலிலேயே மடக்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் கெடுதல் குறைவு, எனவே பொறுக்காதீர்கள். நெல்லிக்காய், எலுமிச்சை பக்கம் போகவே வேண்டாம், அவை இரும்பை உள்ளே கூட்டிப் போய்விடும். செவிலியர் சத்து மாத்திரை கொடுத்திருந்தால், மலம் கறுத்துப் போகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்று நாலாம் நாளே நிறுத்திவிடுங்கள். கறுப்பது வழக்கம்தான், சாப்பாட்டுக்குப் பின் போட்டால் பிரட்டல் குறையும் என்று அவர் சொல்ல வருவதற்குள் எழுந்துவிடுவது நல்லது.

மண்ணோடு உறவாடச் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொல்லும் நிபுணர்களும் உண்டு. அவசியம் கேளுங்கள். திறந்தவெளியில் மலம் கழித்த ஈரமண் என்றால் பலன் கைமேல், இல்லை, கால்மேல். கொக்கிப்புழு பாதத் தோல் வழியே நுழைந்து, குடலில் தொங்கி ரத்தம் உறிஞ்சும். 1902-இல் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் என்பவர் அமெரிக்காவின் தென்மாநில ஏழைகளிடம் இதைக் காட்டியபோது அங்கத்திய பத்திரிகைகள் வைத்த பெயர் ‘சோம்பேறிக் கிருமி’. ராக்ஃபெல்லர் பணத்தில் நடந்த புழு ஒழிப்பு 1916-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தது. லயங்களில் இருந்த நம் ஆட்களின் வயிற்றில் புழு, கங்காணியின் வாயில் ‘சோம்பேறி’. அவர்கள் அப்படிக் கிள்ளிய கொழுந்தைத்தான் உலகம் சாப்பாட்டுக்குப் பின் குடித்தது. இன்று ஒரே ஒரு அல்பெண்டசோல் மாத்திரையில் முடிகிற காரியம். பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கொடுக்கிறார்கள். ஆனால் மாத்திரையில் என்ன தத்துவம் இருக்கிறது?

சாமை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்த அம்மா, "என்ன வேலை சார் பாக்குறீங்க?" என்றார். உட்கார்ந்து எழுதுவது என்றேன். எழுதினால் அசதி வருமா என்று அவர் கேட்கவில்லை.

"எனக்கும் தல சுத்தும் சார். நர்சம்மா பாத்துட்டு ரத்தம் கம்மி, எட்டுதான் இருக்குன்னாங்க. மாத்திரை போடுறேன். உங்களுக்கு எவ்ளோ?"

தெரியாது என்றேன். அவர் பத்து கிலோ சாமையைத் தூக்கி என் கார் டிக்கியில் வைத்தார்.