தனியாகப் போனவர்

ஐரோப்பாவைத் தனியாகச் சுற்றக் கிளம்பும் நம்மூர் இளைஞரைக் கிளம்புகிற அன்று பார்த்து எடைபோடக் கூடாது. அன்றைக்கு எல்லாருமே மார்க்கோ போலோதான். முதுகில் பெரிய பை, காலில் புது ஷூ, முகத்தில் ஏதோ துறந்துவிட்டது போன்ற ஒரு களை. அவரைக் கடைசி வாரத்தில் பார்க்க வேண்டும். கையிருப்பு தீர்ந்து, துவைத்த சாக்ஸ் தீர்ந்து, பார்க்கவேண்டிய மாதாகோயில்களும் தீர்ந்து, ஊருக்கு வாங்கவேண்டிய பட்டியல் மட்டும் தீராமல் இருக்கிற அந்த ஐந்தாறு நாளில்தான் ஆள் யாரென்று தெரியும்.

இவர் ஒரு ஆள் இல்லை, ஒரு ரகம். பழனி வட்டாரத்தில் இப்போது தெருவுக்கு ஒருத்தராவது தேறுவார். வசதிக்காக இவரைப் பாலசமுத்திரத்தில் குடிவைப்போம். பழனியிலிருந்து பாலாறு–பொருந்தலாறு அணைக்குப் போகிற வழியில், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் காலடியில் இருக்கிற பேரூராட்சி அது. இவர் படித்தது கோயம்புத்தூர், வேலை பெங்களூர், வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஜாதகம் மூன்று தரகர்களிடம் இருக்கிறது. "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு சோலோ டிரிப்" என்று நண்பர்களிடம் சொன்னார். அலுவலகத்தில், தன்னைத் தேடிப் போவதாகச் சொன்னார். வீட்டில் மட்டும் ஆபீஸ் வேலை என்று சொன்னார்.

அம்மா உடனே பலகாரம் சுடத் தொடங்கியதில் ஆச்சரியம் இல்லை. தட்டை, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அதன்மேல் ஒரு டப்பா பழனி பஞ்சாமிர்தம். விருப்பாச்சி மலைவாழைப்பழமும் நாட்டுச்சர்க்கரையும் நெய்யும் தேனும் சேர்ந்த அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. நம்மவர்தான், "அங்கே போய் லோக்கல் ஃபுட் மட்டும்தாம்மா சாப்பிடுவேன்" என்று வீறாப்பாகச் சொன்னார். அம்மா பதில் பேசவில்லை. டப்பாவைத் துண்டில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்துவிட்டார்.

முதல் வாரத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். அதை அவரே இன்ஸ்டாகிராமில் வேண்டிய மட்டும் போட்டுவிட்டார். லூவ்ருக்குப் போய், 77 சென்டிமீட்டருக்கு 53 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள மோனலிசாவை நூறு கைப்பேசிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். சுவிட்சர்லாந்தில் 3,454 மீட்டர் உயரத்து யுங்ஃப்ராவ்யோக்கில் ரயில் ஏறி இறங்கினார். அந்தப் பனிமலை உச்சியிலும் 'பாலிவுட்' என்று பெயர் போட்ட ஓர் இந்திய உணவகம் இருந்தது. கொள்கைப்படி அதைத் திரும்பிப் பார்க்காமல் போனார். கொள்கைக்கு அதுதான் உச்சம். அதற்கப்புறம் மலை இறக்கம்.

கடைசி வாரத்தின் முதல் அறிகுறி, யூரோவை மறுபடி ரூபாயில் பெருக்க ஆரம்பிப்பது. வந்த புதிதில் எல்லாரும் பெருக்குவார்கள். பிறகு, "இப்படிக் கணக்குப் பார்த்தா ஊர் சுற்ற முடியாது" என்று ஞானம் வந்து நிறுத்திவிடுவார்கள். பணம் தீரும்போது ஞானமும் தீர்ந்துவிடும். ஒரு யூரோ சுமார் நூறு ரூபாய். காபி முந்நூற்றைம்பது. ஸ்டேஷனில் கழிவறைக்குப் போக நூறு. அதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர், கொடுத்த காசுக்கு முகமாவது கழுவியிருக்கலாமே என்று பாதி வழியில் வருத்தப்பட்டார். ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து வைத்திருக்கிற மனிதர். கைச்செலவுக்கு முப்பது யூரோ இல்லை. காய்ச்சல் வந்தால் ராஜா, வராவிட்டால் பட்டினி.

ஜெர்மனியில் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. அங்கே தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தின் வாயில் வைத்தால், அது உருட்டிப் பார்த்து விழுங்கிவிட்டுச் சீட்டு துப்பும். அந்தச் சீட்டைக் கொடுத்தால் காசு. (நம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்று 2022-ல் வந்ததே, அதே ஏற்பாடுதான்.) பாலசமுத்திரத்தில் பழைய பேப்பர்காரர் வாசலில் நின்று கூவினாலும் எழுந்து போகாதவர், இங்கே ஹாஸ்டல் அறையில் பக்கத்துக் கட்டில் பையன் தண்ணீர் குடிப்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி மடக்கு உள்ளே போனதும், "முடிஞ்சுதா?" என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார். பையன் இவரைப் பெரிய சுற்றுச்சூழல் ஆர்வலர் என்று நினைத்துக் கைகொடுத்தான்.

எட்டுக் கட்டில் போட்ட அறை அது. எல்லாம் ஈரடுக்கு. மூன்று கட்டிலில் பெண்கள். இந்த விவரம் மட்டும் பாலசமுத்திரத்துக்குத் தெரியாது. வீட்டிலிருந்து வீடியோ கால் வந்தால் கைப்பேசியை முகத்துக்குக் கீழே சாய்த்துப் பிடித்துக்கொள்வார். பின்னால் மேல்கூரை தவிர எதுவும் தெரியாது. "ஏன் கண்ணு, எப்பப் பார்த்தாலும் மச்சையே காட்டுற? ரூமைக் கொஞ்சம் காட்டு சாமி." "நெட் சரியில்லம்மா." கோடைக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு ஆறு மணிக்குச் சாவகாசமாக அழைத்தால், அங்கே விடியற்காலை இரண்டரை. கீழ்க்கட்டிலில் ஒரு ஆஸ்திரேலியப் பெண் உஸ் என்பாள். இவர் போர்வைக்குள் புகுந்துகொண்டு, சாப்பிட்டேன் என்பார். பொய் இல்லை. ரொட்டித் துண்டில் பஞ்சாமிர்தம் தடவி மூன்று நாளாக அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டப்பாவை அவர் கையாண்ட விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதல் நாள் ஸ்பூனால் எடுத்தார். இரண்டாம் நாள் பேரீச்சம்பழத்தையும் கற்கண்டையும் தனியே ஒதுக்கி, அதை மதியத்துக்கென்று வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ரொட்டியின் ஓரத்தையே கரண்டியாக்கி, டப்பாவின் விளிம்பு மடிப்பில் ஒட்டியிருந்த நெய்யை வழித்தார். ஹாஸ்டல் சமையலறையில் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்த ஒரு கொரியர் கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு, இது என்ன ஜாம் என்று கேட்டார். நம்மவர் விரலை மடக்கி, மலைக்கோயில், சித்தர் போகர், நவபாஷாணம் எல்லாம் விளக்கினார். கேட்டவருக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. தன்னைத் தேடிப் போனவர் தன்னைக் கண்டுபிடித்த இடம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ராத்திரி பஸ் ஏறினால் ஒரு நாள் படுக்கை வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாரிஸ் வந்து சேர்ந்தார். திரும்பும் விமானம் அங்கிருந்துதான். ஈபிள் கோபுரத்துக்கு லிஃப்டைவிடப் படிக்கட்டுச் சீட்டு மலிவு. இரண்டாம் தளம்வரை 674 படி. பாதியில் மூச்சு வாங்கி நின்றபோதுதான் உறைத்தது: பழனிக்கு 693 படி. பத்தொன்பது படி குறைவான இடத்துக்குக் காசு கொடுத்து ஏறுகிறோம். ஊரில் காசில்லாத படியை விட்டுவிட்டு விஞ்சுக்கு வரிசையில் நிற்கிறோம். மேலேயிருந்து வீட்டுக்கு அழைத்துக் காட்டினார். பெரியம்மா கைப்பேசியை வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கரண்டு கம்பம் மாதிரியில்ல இருக்கு" என்றார். அப்புறம், "மேல சாமி எதும் இருக்கா?" "இல்ல பெரியம்மா." "அப்புறம் எதுக்குச் சாமி ஏறுன?"

இதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்த வீட்டார் பார்வையில் பயணம் என்றால் ஒரு முடிவிடம் வேண்டும். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து காவடி தூக்கி வருகிறவர்களும், பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரித் தீர்த்தம் சுமந்து வருகிறவர்களும் அவர்கள் வருஷம் தவறாமல் பார்க்கிறவர்கள். தோளில் பை, காலில் கொப்புளம், கிடைத்த இடத்தில் தூக்கம் என்று எல்லாம் நம்மவரைப் போலத்தான். ஆனால் பாதயாத்திரைக்காரருக்குக் கடைசி நாளில் எதிரே மலை தெரியும், வழியெல்லாம் அன்னதானப் பந்தல் இருக்கும். இவருக்குக் கடைசி நாளில் தெரிவது எடைபோடும் கவுண்டர். அன்னதானம் சுத்தமாகக் கிடையாது.

இல்லை, ஓரிடத்தில் கிடைத்தது. பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா சாப்பெல் என்று ஒரு பகுதி. ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். தமிழில் பெயர்ப்பலகை, வாசலில் முருங்கைக்காய், கண்ணாடிக்குள் பட்டுச்சேலை. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். கோடை முடியும் சமயத்தில் அந்தத் தெருக்களில் தேர் ஓடும், தேங்காய் உடையும். முதல் தடவை பாரிஸ் வந்தபோது, அங்கே போகக் கூடாது என்றே மெட்ரோவில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கியவர் இவர். இப்போது வாசனை பிடித்தே வந்துவிட்டார். தோசைக்கு முன்னால் உட்கார்ந்தவரைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி எந்த இடம்?"

"பழனிப் பக்கம்ணே. பாலசமுத்திரம்."

"முருகன்ர பழனியோ? அதை விட்டிட்டு இஞ்ச என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"சும்மா சுத்திப் பாக்கலாம்னு..."

"தனியவோ?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் இன்னொரு தோசையும் ஒரு வடையும் இருந்தன. இதற்குக் காசு வேண்டாம் என்றார். தனியாகச் சுற்றுகிற ஆளைப் பார்த்து ஐரோப்பா முழுக்க யாருமே பரிதாபப்படவில்லை. முதன்முதலாக ஒருவர் பரிதாபப்பட்டதும் நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்னி காரம் என்று சொல்லிக்கொண்டார்.

அதே கடைத்தெருவில்தான் கோடாலித் தைலமும் வாங்கினார். ஆம், கோடாலித் தைலம். குடும்ப வாட்ஸாப் குழுவில் இவர் ஆபீஸ் வேலையாகப் போகவில்லை என்பது இரண்டாம் நாளே அம்பலமாகிவிட்டது. அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. பட்டியல் போட்டார்கள். நம் ஜனங்களுக்கு வெளிநாடு என்றால் ஒரே நாடுதான். சிங்கப்பூர் போனாலும் ஸ்வீடன் போனாலும் கோடாலித் தைலம் வாங்கி வர வேண்டும். அத்தைக்கு அது இரண்டு. சித்தப்பாவுக்கு ஸ்விஸ் கத்தி. பெரியப்பாவுக்கு 'உனக்கே தெரியும்' என்று மட்டும் ஒரு செய்தி (ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கத்தில் கேட்க மாட்டார்கள் என்பதைப் பெரியப்பா விசாரித்தே வைத்திருந்தார்). தெருப் பிள்ளைகளுக்குச் சாக்லேட். மற்ற எல்லாருக்கும் ஃபிரிட்ஜ் காந்தம்.

சாக்லேட்டும் சென்ட்டும் சேர்ந்து பில் 87 யூரோ வந்தது. பிரான்ஸில் நூறு யூரோவுக்கு மேல் ஒரே கடையில் வாங்கினால், வெளிநாட்டார் ஊர் திரும்பும்போது வரியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். பன்னிரண்டு யூரோ திரும்ப வாங்குவதற்காகப் பதினான்கு யூரோவுக்கு யாருக்கும் தேவையில்லாத ஒரு சோப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். பொறியியல் பட்டதாரி.

கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் 1937-ல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியதாம். அதற்காக நாடு நாடாக அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருளையெல்லாம் தேடிச் சேர்த்து, 1940-ல் ஆவணப்படமாக வெளியிட்டார். தனியாகச் சுற்றிய தமிழர் என்றால் நமக்கு அவர்தான் அளவுகோல். ஆனால் ஒன்று, அவர் காலத்தில் குடும்ப வாட்ஸாப் குழு கிடையாது. இருந்திருந்தால் அத்தனை படச்சுருளுக்கும் பெட்டியில் இடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

கடைசி இரவு, ஹாஸ்டல் நடைபாதையில் பையைக் கொட்டி அடுக்கினார். கைத்தராசில் கொக்கியை மாட்டித் தூக்கினால் 26 கிலோ; அனுமதி 23. எதை எடுத்தாலும் யாரோ ஒரு சொந்தக்காரர் முகம் தெரிகிறது. எடுக்க முடிந்தவை தன்னுடைய சாமான்கள் மட்டுமே. ஷூ போயிற்று. வழிகாட்டிப் புத்தகம் போயிற்று. பயண அனுபவங்களை எழுதப்போவதாக வாங்கி, மூன்று பக்கம் எழுதியிருந்த தோல் அட்டை நோட்டும் போயிற்று. மிச்சத்துக்கு மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி அதன்மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டார். ஜாக்கெட் பைகளில் காந்தம். விமான நிலையத்தில் சோதனைக் கதவைக் கடந்தபோது அது கோயில் மணிபோல அடித்தது.

சித்தப்பாவின் கத்தி கைப்பையில் இருந்தது. ஆறு சென்டிமீட்டருக்குக் குறைந்த கத்திக்கு ஐரோப்பிய விதியில் தடை இல்லை என்று படித்து வைத்திருந்தார். பாரிஸில் விட்டும் விட்டார்கள். வளைகுடாவில் விமானம் மாறும்போது வேறு விதி. அங்கே கூடையில் போட்டுவிட்டு வந்தார். நூட்டெல்லா பாட்டிலைப் பாரிஸிலேயே திரவம் என்று சொல்லிப் பிடுங்கிவிட்டார்கள். கரண்டி நிற்கிற பொருள் எப்படித் திரவமாகும் என்று அவர் வாதாடியது பலிக்கவில்லை.

கோயம்புத்தூரில் இறங்கிப் பஸ் பிடித்துப் பழனி வந்து, டவுன் பஸ்ஸில் பாலசமுத்திரம் சேர்வதற்குள் மூன்று சட்டையும் நனைந்துவிட்டன. அத்தை வீட்டுப் புது ஃபிரிட்ஜின் கதவு கண்ணாடி, காந்தம் ஒட்டவில்லை. ஈபிள் கோபுரம் பீரோவுக்குப் போனது. மாலையில் டீக்கடைக்கு வந்தார். ஒருவர், "வேலை கிடைச்சுதா தம்பி?" என்று கேட்டார். வேலைக்குப் போகவில்லை, பார்க்கத்தான் போனேன் என்றார். எவ்வளவு ஆச்சு என்றார்கள். பாதி தொகையைத்தான் சொன்னார். அதற்கே கடையில் டீ ஆற்றுகிற சத்தம் நின்றுவிட்டது.

பேச்சை மாற்றக் கைப்பேசியை நீட்டினார். சுவிட்சர்லாந்துப் படங்கள். ஏரி, அதற்குப் பின்னால் ஊசியிலை மரங்கள், பனிமூட்டம். ஜீப் ஓட்டுகிற அண்ணன் அதை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது நம்ம மலைமேல இருக்கிற பேரிஜம் ஏரிதானே? சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போயிருப்பனே."