தலவாக்கலையில் தேயிலைச் செடி இல்லையா?

லினக்ஸுக்கு யாரும் நிரல் எழுதித் தரலாம். தந்ததும் உள்ளே விட்டுவிட மாட்டார்கள். அரைவேக்காட்டு நிரல்களுக்கென்று 2008 முதல் தனிக் கொட்டில் ஒன்று வைத்திருக்கிறார்கள். இன்னும் என்னென்ன திருத்தவேண்டும் என்ற பட்டியலும் அங்கேயே தொங்கும். பொறுமையில்லாமல் எவராவது அதை எடுத்து ஓட்டினால், தரத்துக்கு உத்தரவாதமில்லை என்று கணினியே எச்சரித்துக் குறித்துவைத்துக்கொள்ளும்.

இந்த ஒழுங்கு நமக்குத் தெரியாததா? சுனாமிக்குப் பிறகு சகானா என்ற திறந்தமூல மென்பொருளை உலகுக்குக் கொடுத்தது இலங்கை. கொழும்புப் பிள்ளைகள் ஒரு வரியை மாற்றவே நாலு பேரிடம் காட்டிக் கேட்கிறார்கள். அதே கொழும்பில்தான் 2021 மே 6ஆம் திகதி, ஒற்றை வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியை கோட்டாபய ராஜபக்ஷ அரசு நிறுத்தியது. சேதன விவசாயத்துக்கு மாறத் தேர்தலில் சொன்னது 10 வருடம். எடுத்துக்கொண்டது ஓர் இரவு.

சோதித்துப் பார்க்க இடமா இல்லை? 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. புது இனக் கன்று ஒன்றைத் தோட்டங்களுக்குக் கொடுக்குமுன் வருடக்கணக்கில் நட்டு, பறித்து, நிறுத்துப் பார்க்கிறவர்கள். அங்கே நாலு வரிசைக்கு உரத்தை நிறுத்திப் பார்த்திருக்கலாம். மகான்களுக்கு அது போதவில்லை; மலைநாடு முழுவதும் வேண்டியிருந்தது. எச்சரித்த பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பேயை விவசாய அமைச்சின் பொறுப்புகளிலிருந்து தூக்கினார்கள். பிழையை விட்டுவிட்டுப் பிழை சொன்னவரைத் திருத்துவது நமது தேசிய முறை.

சோதித்தது ஒன்றைத்தான்: சீனாவின் சேதன உரத்தை. கெட்ட பக்டீரியா இருக்கிறதென்று கப்பலிலிருந்து இறக்கவிடவில்லை. இறங்காத உரத்துக்கு 67 இலட்சம் டொலர் கட்டினோம்.

நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள். பட்டினி கிடந்த செடி அதற்காக மறுநாளே துளிர்க்குமா? 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை, 2022இல் 25 கோடிக்கு இறங்கியது.

தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானிக்கு வந்ததும் அதே 2021 மார்ச்சில்தான். வருடக்கணக்காகப் போராடி வாங்கியது. ஆனால் தோட்டத்தில் 18 கிலோ, 20 கிலோ என்று கேட்ட கொழுந்து நிறுவையில் நின்றால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். மஞ்சளித்த மலையில் விடியலிலிருந்து துழாவினாலும் கூடை நிரம்பாது. மடுவத்தில் தராசு பொய் சொல்கிறதோ இல்லையோ, சாக்குக்கும் தண்ணீருக்கும் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். "செடியில இருந்தாத்தானேங்க ஐயா பறிக்கலாம்?" என்று கேட்டால் கணக்கப்பிள்ளையிடம் என்ன பதில் இருக்கும்? செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் அரைப் பேர். வர்த்தமானி எழுதிய ஒரு கைக்கும் அரைப் பேர் விழவில்லை.

அடுத்த மகா யோசனை உதிக்கப்போகிறவர்களே, நுவரெலியாவில் ஜனாதிபதி மாளிகைக்கு அழகான தோட்டம் இருக்கிறது. முதலில் அங்கே போட்டுப் பாருங்கள். விளையாவிட்டால் மாளிகைக்காரருக்கு அரைப் பேர் போடுங்கள்.